மீட்டர் ஓடும்போது கதவைத் திறக்கக் கூடாது

ஏனுங்ணா, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்தி வெச்சுக்கறீங்களா? இல்லீங்க, உங்களுக்கு இடிக்குதேன்னு சொல்லல. பெட்டி மூலை நசுங்கிரும். கோவிச்சுக்காதீங்க. மேல ஒட்டின துணிக்குப் பசை இன்னும் முழுசாக் காயல. ஆங், அப்படித்தான். ரொம்ப சந்தோசங்க.

சிங்காநல்லூர்ல ஏறினதுல இருந்து பாத்துட்டேதான் வர்றீங்க, என்னன்னு ஒரு வார்த்த கேக்கல. நல்ல மனுசன். கண்டக்டர் கேட்டாரு பாருங்க, உள்ள கோழியான்னு. போர்வைய வெலக்கிப் பாத்துட்டு, "மூச்சு விட ஓட்டை வெச்சிருக்கீங்களே, கோழிதான?"ன்னாரு. லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டுத்தான் மேல ஏத்தவே விட்டாரு. போடட்டும். அவரு சொன்னதும் பாதி சரிதானுங்க. மூச்சு விடத்தான் அந்த ஓட்டை.

இது கார்ல வெக்கற பாஸ் பெட்டிங்க. என்ற பேரு பூபதி. ஒண்டிப்புதூர்ல வந்து பூபதி சவுண்ட்ஸ்னு கேட்டுப் பாருங்க, டீக்கடைக்காரன் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து விடுவான். பாட்டுல அடியில ஒரு சத்தம் வரும் பாருங்க, காதுல கேக்கறத விட நெஞ்சுல கேக்குமே, அந்தச் சத்தத்துக்குப் பெட்டி செய்யறதுதான் என்ற தொழிலு. ஸ்பீக்கர் ஆரு வேணும்னாலும் கடையில வாங்கிக்கலாம். பெட்டி வாங்க முடியாது. ரெடிமேடு விக்கறாங்கதான், இல்லீங்கல. அது பெட்டியில்லீங்க, டப்பா.

மணி என்னாச்சுங்க? இப்பத்தான் சூலூரா! இந்த வண்டி ஏன் இப்படி உருட்டறான்? எனக்கு சும்மா உக்காந்து வரவே முடியாதுங்க. கையிக்கு ஏதாச்சும் வேலை இருக்கோணும், இல்லீனா காதுல ஏதாச்சும் ஓடிட்டு இருக்கோணும். பஸ்ஸுல போயி எத்தன வருசமாச்சு. ஜன்னலைக் கொஞ்சம் ஏத்தி விட்டுக்கட்டுங்களா? காத்து வேண்டாமா? சரி, எறக்கியே விட்டறேன்.

தாராபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால எறங்கோணும். குண்டடம் தாண்டி ஒரு ஸ்டாப்பு. மாமனாரு ஊரு. மாமனாரு இப்ப இல்ல. என்ற வீட்டுக்காரி அங்க இருக்கறா, கூட்டிட்டு வரலாம்னு போறேன். நாகமணின்னு பேரு. அவங்கப்பன் செத்ததுக்குப் போனவ, கருமாதி முடிஞ்சு, எல்லாம் முடிஞ்சு, மூணு மாசத்துக்கு மேலாச்சு, அங்கயே இருந்துட்டா. கூப்புட்டா வரமாட்டேங்கறா. வரமாட்டேன்னும் சொல்ல மாட்டேங்கறா. அதுதானுங்க என்னால தாங்க முடியல. சண்ட போட்டான்னா நாமளும் பதிலுக்கு நாலு வார்த்த பேசி முடிச்சுக்கலாம். வாயே தொறக்கறதில்ல. நேத்து போன் பண்ணி, "நாளைக்கு வரேன், பையெல்லாம் எடுத்து வை"ன்னேன். "ம்"முன்னா. அந்த "ம்"முக்கு என்னங்க அர்த்தம்? ராத்திரியெல்லாம் இதே ரோசனை. வான்னு சொல்றாளா, வந்துதான் பாருன்னு சொல்றாளா? நீங்க பெரியவங்க, சொல்லுங்க. அவ வரலீனா எனக்கு அந்த ஊட்டுல இருப்புக் கொள்ளாதுங்க. இப்பவே கொள்ளல.

இந்தப் பெட்டி மச்சினனுக்கு. தண்டபாணின்னு பேரு, டாடா ஏஸ் வெச்சு வாடகைக்கு ஓட்டறான். ரொம்ப நாளுக்கு முன்ன, "மாமா, நம்ம வண்டிக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க"ன்னு கேட்டான். அப்ப எனக்கு நேரமில்ல. இப்ப ஒரே மூச்சா உக்காந்து செஞ்சேன். இப்படி ஒரு பெட்டி நானே இதுக்கு முன்ன செஞ்சதில்ல. என்ன பாக்கறீங்க? சாவு நடந்த ஊட்டுக்குப் பாட்டுப் பெட்டி தூக்கிட்டுப் போறானேன்னுதான? மொகத்துல தெரியுது. தண்டபாணி கேட்டதுங்க! நானாக் கொண்டு போனாத்தான தப்பு?

சோடா பாட்டில் வாயில ஊதியிருக்கீங்களா? ஊம்முனு ஒரு சத்தம் வரும். பாட்டில் சின்னதுன்னா கீச்சுனு கேக்கும், பெருசுன்னா சத்தம் கீழ எறங்கும், கழுத்து நீளமா இருந்தா இன்னும் கீழ எறங்கும். அவ்வளவுதானுங்க விசயமே. ஸ்பீக்கர் முன்னால தள்ளற காத்து பாட்டா வந்துருது. பின்னால தள்ளற காத்து என்ன ஆகும்? மூடின பெட்டின்னா உள்ளயே கெடந்து வீணாப் போகும். நாம அந்தக் காத்தப் புடிச்சு, ஒரு சந்து வழியா நடத்தி, சுதி சேத்து, இந்த ஓட்டை வழியா வெளிய விடறோம். சந்து எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம், தொழிலே அதுலதான் இருக்குது. சந்தைக் குறுக்கி வெச்சீங்கன்னா புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சிரைக்கும். அகலமா வெச்சா அதுக்குத் தக்கன நீளம் கேக்கும், உள்ள எடம் பத்தாது, மடக்கோணும். மடக்கின மூலைய உருட்டி எழைக்கோணும். அப்பறம் கணக்கு. ஸ்பீக்கர் காந்தம் பெட்டிக்குள்ள எடம் புடிக்கும், குறுக்குக் கட்டை எடம் புடிக்கும், அந்தச் சந்தே எடம் புடிக்கும். எல்லாத்தையும் கழிச்சுட்டுத்தான் பெட்டி அளவு. முக்காவாசிப் பேரு கழிக்க மறந்துட்டு, பாஸ் வரலீன்னு ஸ்பீக்கரைத் திட்டுவாங்க.

பொறவு கசிவு. மூட்டுல மசுரு அளவு இடுக்கு இருந்தாப் போதும், பெட்டி தொலஞ்சுது. அதுக்கு ஒரு வழி இருக்குது. கனமான சத்தமா ஒண்ண ஓட விட்டுட்டு, ஊதுபத்தியப் பத்தவெச்சு மூட்டு மூட்டாக் காட்டோணும். பொகை ஆடுச்சுன்னா அங்க காத்துப் போகுதுன்னு அர்த்தம். அதுக்கு எப்பவும் நாகமணிதான். சாமிக்குக் காட்டறாப்ல நிதானமா ஒவ்வொரு மூலையாக் காட்டிட்டு வருவா. "இங்க இருக்குதுங்க"ம்பா, நான் பாத்தா ஒண்ணும் தெரியாது, செத்த நேரம் உத்துப் பாத்தாத்தான் பொகை லேசாத் தலையாட்டும். அவளுக்கு நல்ல கண்ணு. இந்தப் பெட்டிக்கு நானே புடிச்சேன். கை சூடு பட்டதுதான் மிச்சம்.

அவ கோவத்துல நாயமே இல்லீங்க. நடந்ததச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க.

பங்குனில கோயமுத்தூர்ல ஒரு மேட்ச் வெச்சாங்க. ஆரு கார்ல சத்தம் சாஸ்தின்னு. பாட்டு அழகெல்லாம் அதுல இல்ல, கார் முன்கண்ணாடிகிட்ட மைக் வெச்சு மீட்டர்ல பாப்பாங்க, எவ்வளவு ஏறுதுன்னு. எங்கிட்ட வெள்ளை எஸ்டீம் காரு ஒண்ணு இருக்குது. பின்சீட்டக் கழட்டிப் போட்டுட்டு அந்த எடம் பூராப் பெட்டி கட்டினேன். ஒரு ஆளு உள்ள படுத்துக்கலாம், அத்தாப் பெருசு. ஒறம்பரை சொந்தம்னு ஆரு வந்தாலும் பஸ்ஸுலதான் போகோணும், அதுக்கு நாகமணி மொனகுவா. ஒரு மேட்ச்சுக்குத்தான, முடிஞ்சதும் சீட்டு மாட்டிக்கலாம்னு சொல்லி வெச்சிருந்தேன்.

இந்த மீட்டர் வெவகாரத்துல ஒரு சட்டம் இருக்குதுங்க. மீட்டர் ஓடும்போது கதவைத் திறக்கக் கூடாது. ஏன்னா, அப்பக் காரே ஒரு பெட்டிதான். கண்ணாடி ஒரு வெரக்கடை எறங்கியிருந்தாக்கூடக் காத்து அதுல ஓடிப் போயிரும், மீட்டர் பொத்துனு விழுகும். மறுபடியும் பேட்டரி ஏத்தி, சூடு ஆற வெச்சு, மொதல்ல இருந்து வரோணும். ஒருக்கா நாகமணி டீ கொண்டாந்தவ, பாவம் ஒண்ணும் தெரியாம டக்குனு கதவைத் திறந்துட்டா. நான் போட்ட சத்தத்துல டீ டம்ளர் அவ கையில இருந்து விழுந்துருச்சு. அன்னிக்குச் சொன்னதுதான்: "ஊட்டுக்கே தீப்புடிச்சாலுஞ் செரி, மீட்டர் ஓடும்போது கதவைத் தொடப்படாது." அதுக்கப்பறம் அவ தொட்டதே இல்ல. சொன்னாக் கேட்டுக்குவா. அந்த விசயத்துல குத்தம் சொல்ல முடியாது.

மேட்ச்சு ஞாயித்துக்கெழம. முந்தின நாளு, சனிக்கெழம மத்தியானம், ஊட்டு முன்னால காரை நிறுத்திப் போட்டுக் கடைசியா ஒருக்காப் பாத்துட்டு இருந்தேன். போனைக் கார்ல வெச்சா மீட்டர்ல குறுக்க விழுகுதுன்னு ஊட்டுக்குள்ள வெச்சிருந்தேன். காதுல மஃப்பு மாட்டியிருந்தேன், இல்லீனா செவுடுதான். கதவெல்லாம் சாத்தி. அந்த நேரத்துலதான் தண்டபாணி அவளுக்குப் போன் பண்ணியிருக்கான், அப்பா மயங்கி விழுந்துட்டாரு, பேச்சில்ல, ஒடனே வாங்கன்னு. அவ வெளிய ஓடியாந்து நின்னிருக்கா. எனக்கெப்படித் தெரியும்? கண்ணாடி பூராக் கருப்பு ஒட்டியிருக்குது. நான் பாக்கவே இல்ல.

டிரைவர் ஏன் இத்தன ஆரன் அடிக்கறாரு? ஆடா? ஓட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? பாக்கலைன்னு. பாக்கலைன்னா, நெழலாட்டம் ஒண்ணு தெரிஞ்சுது. நான் முன்சீட்டுல முட்டி போட்டு, பின்னால திரும்பி ஸ்பீக்கரையே பாத்துட்டு இருந்தேன். ஏன்னு கேளுங்க. பெட்டி சரியான சுதிக்கு வந்துட்டா ஸ்பீக்கர் ஆடாதுங்க! நெசமாத்தான் சொல்றேன். காரே கிடுகிடுக்கும், கண்ணாடி நெளியும், ஸ்பீக்கர் மட்டும் அசையாம நிக்கும். சத்தம் பூரா ஓட்டையில இருந்து வரும். அந்த நிமிசத்துக்குத்தான் நான் அத்தன மாசமா ஒழச்சேன். சத்தத்தோட சுதிய ஒவ்வொரு புள்ளியா எறக்கிட்டு வரேன், ஸ்பீக்கர் நிக்கப் போகுது, நின்னுருச்சு, அப்பப் போயி ஜன்னல்ல ஒரு நெழலு. பக்கத்து ஊட்டு ஸ்டெல்லாக்கா சத்தம் போட வந்துட்டாங்கன்னு நெனச்சேன்.

கண்ணாடியத் தட்டியிருக்கா. எனக்குக் கேக்கல. கேக்காதுங்க, மஃப்பு. கையில போனு வெச்சுட்டு என்னமோ சொன்னா. வாய் அசையறது தெரிஞ்சுது. நான் வெரலைக் காட்டினேன். ஒரு நிமிசம், இருன்னு. அவ்வளவுதானுங்க! ஒரு நிமிசம்னு வெரலைக் காட்டறது ஒரு குத்தமா? மீட்டர் ஏறிட்டு இருக்குது, இதுவரைக்கும் பாக்காத நெம்பரு. திறந்திருந்தா முடிஞ்சுது. எனக்கு ஒரே கேள்விதான். கதவு பூட்டியில்ல. கையி வெச்சு இழுத்தாத் திறந்துக்கும். அப்பனுக்கு முடியலைன்னா ஒரு பொம்பள கதவைத் திறக்க மாட்டாளா? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? ஏன் திறக்கல?

செத்த நேரம் நின்னுட்டு இருந்தாளாம், ஸ்டெல்லாக்கா பாத்திருக்காங்க. அப்பறம் உள்ள போயி, பையில ரெண்டு துணிய எடுத்துப் போட்டுட்டு, சாவிய அந்தக்காகிட்டக் குடுத்துட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டா. காரை வாசல்ல வெச்சுட்டு பஸ்ஸுல போறா பாருங்க!

நான் எறங்கினேன். மேலெல்லாம் வேர்வை. அந்த நெம்பரை ஆருகிட்டயாச்சும் சொல்லோணும். நாகமணீ, நாகமணீன்னு கத்திட்டே ஓடினா ஊடு பூட்டிக் கெடக்குது. எனக்கு எப்படி இருக்கும்? நல்லது நடக்கற அன்னிக்கு ஊட்டுல ஆளில்ல. சாவி வாங்கிட்டு உள்ள போயிப் பாத்தா, போன்ல தண்டபாணி வரிசையாக் கூப்புட்டிருக்கான். மேட்ச்சுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்புட்டிருக்கான் போலன்னு நெனச்சு சந்தோசமாத்தான் திருப்பி அடிச்சேன். "அப்பா போயிட்டாரு மாமா"ன்னான்.

எனக்கும் வருத்தந்தானுங்க. நாச்சிமுத்துங்கறவரு நல்ல மனுசன். என்ற கடைத் தொறப்புக்கு வந்து நாள் பூரா நின்னாரு. ஆனா நாமளும் ரோசிக்கோணுமில்ல? எப்ப எடுக்கறீங்கன்னு கேட்டேன். சேலத்துல இருந்து பெரியக்கா வரோணும், நாளைக்கு மத்தியானம் ஆயிரும்னான். மத்தியானம்னா, காலைல மொத ஆளாப் போயி மேட்ச்ச முடிச்சுட்டு, அப்படியே நேரா விட்டா எடுக்கறதுக்குள்ள போயிறலாம். கணக்கு சரியா வருது. போனவரு போயிட்டாரு, நான் ராத்திரியே போயி ஒக்காந்து மட்டும் என்ன ஆகப் போகுதுங்க?

கப்பு நமக்குத்தான். மொத எடம். ஆனா காலைல ஆரம்பிக்கறோம்னவங்க ஆடி அசைஞ்சு ஆரம்பிச்சாங்க. அது என்ற தப்பா? நான் விட்ட வேகத்துக்கு எஸ்டீம் பறந்துச்சு. போயிச் சேந்தப்ப ஆம்பளைங்க சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்து தலைக்கு ஊத்திட்டு இருந்தாங்க.

அதோட போயிருந்தாக்கூடச் சமாளிச்சிருக்கலாம். பந்தலுக்குப் பக்கத்துல காரை நிறுத்தி எறங்கி, ரெண்டு பேருகிட்டத் துக்கம் கேட்டுட்டு இருக்கறேன், அதுக்குள்ள ஆரோ, தண்ணி டிராக்டர் வரோணும், காரைக் கொஞ்சம் எடுங்கன்னாங்க. எடுத்தேன். சாவியத் திருகினதுதான். மேட்ச்சுல போட்ட சத்தம், அதே அளவுல, அப்படியே எறங்குச்சு. வர்ற வழியெல்லாம் கையில அமுக்கி நிறுத்தித்தான் வெச்சிருந்தேன். அந்தக் கருமம் புடிச்ச செட்டு சாவி திருகினதும் தானா விட்ட எடத்துல இருந்து ஆரம்பிச்சுருச்சு. பந்தல் தகரம் கலகலன்னு ஆடுது, கவுத்து வெச்ச அண்டா உருண்டு ஓடுது, உள்ள பொம்பளைங்க ஒப்பாரிய நிறுத்திட்டாங்க. நாப்பது ஹெர்ட்ஸ்ல அந்த ஊட்டு ஓடு இப்படி ஆடும்னு நானே எதிர்பாக்கல. அவரைப் படுக்க வெச்சிருந்த எடத்துல வெளக்கு ஏத்தியிருந்தாங்க, அது சாஞ்சிருச்சு. அணையல, சாஞ்சுது, அவ்வளவுதான். நாகமணி எந்திருச்சு வந்து அதை நேரா நிறுத்தி வெச்சா. அப்பறம் வாசலுக்கு வந்தா. என்னையப் பாக்கல, காரைப் பாத்தா. "இந்தக் காரு இனி இந்த வீதிக்கு வரக் கூடாது"ன்னா. சத்தமே இல்லாமத்தான் சொன்னா. அவ எங்கிட்டக் கடைசியாப் பேசின முழுப் பேச்சு அதுதான். கப்பு முன்சீட்டுல இருந்துச்சு. ஒருத்தருகூட என்னன்னு கேக்கல.

பல்லடமா? டீ சாப்புடறீங்களா? வேண்டாமா. நானும் எறங்கல, பெட்டியத் தனியா விட்டுட்டுப் போக முடியாது.

அதனாலதானுங்க இன்னிக்கு பஸ்ஸு. அவ சொன்னதுக்குக் கட்டுப்பட்டுத்தான் காரை ஊட்டுல விட்டுட்டு வரேன். இது ஒண்ணு போதாதா? பின்சீட்டக்கூட மாட்டிட்டேன். பெரிய பெட்டியப் பிரிச்சுப் போட்டுட்டேன். அந்தப் பலகைல மிச்சம் புடிச்சதுதான் இந்தப் பெட்டி. இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன பண்ணுவான்? இப்பப் போயிப் பெட்டியத் தண்டபாணிகிட்டக் குடுப்பேன், அவன் வண்டியில மாட்டிக் காட்டுவேன், அவனுக்கு மனசு குளுந்துரும், அவன் சொன்னா அக்கா கேப்பா. நான் போட்ட கணக்கு இது.

என்னங்க கேட்டீங்க? அன்னிக்கு அவ பஸ்ஸுல எப்படிப் போனாளா? எப்படிப் போவா, எல்லாரும் போறாப்லதான். ஏறியிருப்பா, டிக்கெட் எடுத்திருப்பா, எறங்கியிருப்பா. நான் அதக் கேக்கலீங்க. கேக்கத் தோணல. எனக்கே ஆயிரம் வெசனம். அப்பன் எறந்த சேதி எங்க வெச்சுத் தெரிஞ்சுதா? ஊட்டுக்குப் போயித்தான் தெரிஞ்சிருக்கும். இல்ல, தண்டபாணி எனக்குச் சொன்னப்பவே அவளுக்கும் சொல்லியிருப்பானோ? அப்படின்னா பஸ்ஸுலதான் இருந்திருப்பா. தெரியலீங்க. அதென்ன, அத்தனையும் விட்டுட்டு நீங்க இதப் போயிக் கேக்கறீங்க?

ஏனுங் கண்டக்டர், நீங்களும் கேட்டுட்டுத்தான் நின்னீங்களா? உக்காருங்க, கூட்டம்தான் எறங்கிருச்சே. உங்களுக்கே நாயம் தெரியட்டும்.

எந்தப் பொண்ணு? ஆமாங்க, பங்குனிலதான். ஆமா, சனிக்கெழம மத்தியானத்துக்கு மேல. நாச்சிமுத்துங்கறவரு என்ற மாமனாருதான்.

இந்த வண்டியா? அவ போனது இந்த வண்டிலயா?

ஏனுங்ணா, இவரு சொல்றதக் கேட்டீங்களா? இந்த வண்டிதானாம். இவருதான் டிக்கெட் குடுத்திருக்காரு. அன்னிக்குக் கூட்டமாம். பல்லடம் வரைக்கும் நின்னுட்டேதான் வந்தாளாம். பல்லடம் தாண்டினதும் போன் வந்துச்சாம். பேசி முடிச்சுட்டு, அந்தா, அந்தப் பின்படியில அப்படியே உக்காந்துட்டாளாம். அழுகலையாம். வாயில சீலைய வெச்சு அடைச்சுக்கிட்டாளாம். இவரு பயந்துட்டு பக்கத்துல போயி, "ஏம்மா, உங்கூட்டுல ஆம்பள ஆரும் இல்லியா, தனியா வர்றியே"ன்னு கேட்டிருக்காரு.

சும்மா சொல்லுங்க கண்டக்டர். என்ன சொன்னா? திட்டியிருப்பா, எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். சொல்லுங்க.

"இருக்காருங்க. முக்கியமான வேலையா இருக்காரு. முடிஞ்சதும் காரெடுத்துட்டுப் பின்னாலயே வந்துருவாரு."

இப்படியா சொன்னா? இதே வார்த்தையா?

ம்.

ஏனுங்ணா, பின்சீட்டுல எடம் கெடச்சும் அவ முன்னால பாத்து உக்காரலியாம். திரும்பிப் பின்கண்ணாடி வழியா ரோட்டையே பாத்துட்டு வந்தாளாம். வெள்ளைக் காரு எது வந்தாலும் எந்திருச்சு நின்னு பாத்தாளாம். எது வந்தாலுமாம். குண்டடம் தாண்டியும் அப்படியேதானாம். எறங்கறப்ப இவருகிட்டக் கேட்டிருக்கா, "அண்ணா, நம்மளத் தாண்டி வெள்ளை எஸ்டீம் ஏதாச்சும் முன்னால போச்சுங்களா, நான் கவனிக்காம விட்டுட்டனா"ன்னு. இவரு இல்லம்மான்னிருக்காரு. வண்டிய எடுத்தப்பறம் இவரு எட்டிப் பாத்தாராம். ஊருக்குப் போற வழியில அவ திரும்பல. மெயின் ரோட்டுலயே, கோயமுத்தூரு பாத்து, பையோட நின்னுட்டு இருந்தாளாம்.

நான் அப்பக் கணக்குப் போட்டுட்டு இருந்தேன்.

எதுல விட்டேன்? தண்டபாணி. ஆமா, பெட்டி. இந்தச் சந்து இருக்குது பாருங்க, இதோட நீளம்... இல்லீங்க. வரல. கணக்கு வரல.

ஏனுங்ணா, நீங்க ஏதாச்சும் பேசுங்களேன். உங்க ஊரப் பத்தி, உங்கூட்டுல இருக்கறவங்களப் பத்தி, எதுனாலும் சரி. ஸ்டாப்பு வர்ற வரைக்கும் பேசுங்க. நான் கேட்டுட்டு வரேன்.